ஹெல்மெட்டுக்கு அடுத்து முட்டி: புதிதாக ரைடிங் பேண்ட் வாங்குபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் பெங்களூரிலிருந்து இறங்கிவரும் பைக்குகளைப் பாருங்கள். நல்ல ஹெல்மெட், கனமான ஜாக்கெட், கையுறை எல்லாம் இருக்கும். இடுப்புக்குக் கீழே பலருக்கு சாதாரண ஜீன்ஸ்தான். நம் ஊரில் தினமும் டூட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹெல்மெட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஹெல்மெட்டைச் சட்டம் கேட்கிறது. பேண்ட்டை யாரும் கேட்பதில்லை, அதனால் அது கடைசிக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் வண்டி சாய்ந்தால் பெரும்பாலும் தரையில் படுவது முட்டியும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பும்தான். வண்டியின் எடை மேலே விழுவதும் காலில்தான்.

கடைக்குப் போனால் நீர்ப்புகாத் துணி, இத்தனை ஜிப், இத்தனை பாக்கெட் என்று நிறைய சொல்வார்கள். நான் இரண்டு கேள்விகளை முன்னால் வைப்பேன். வண்டியில் உட்கார்ந்த நிலையில், அடியைத் தாங்க உள்ளே வைத்திருக்கும் பேட் முட்டியின் மேல் இருக்கிறதா? ஏப்ரல் மாதத்து தர்மபுரி வெயிலில் இதைத் தினமும் போட்டுக்கொண்டு போவீர்களா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் வராத பேண்ட், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கானது கிடையாது.

முதலில் உங்கள் சாலையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: வாரத்தில் எந்தச் சாலையில் போகிறீர்கள், எத்தனை மணிக்கு, என்ன வேகத்தில், இறங்கியதும் என்ன வேலை. இதைச் செய்யாமல் வாங்கப் போனால், வருடத்துக்கு ஒருமுறை போகும் லடாக் கனவுக்காக ஒரு பேண்ட்டை வாங்கி, மீதி நாளெல்லாம் அதை அலமாரியில் பூட்டி வைப்போம்.

கிருஷ்ணகிரியிலிருந்தோ சூளகிரியிலிருந்தோ ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவருக்குத் தேசிய நெடுஞ்சாலை 44-தான் தினசரி பாதை. வேகம் 60, 70 என்று போகும். பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் ஓடும். இவருக்கு சறுக்கலைத் தாங்கும் துணி முக்கியம். தர்மபுரி டவுனுக்குள், பேருந்து நிலையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடுவில் ஓட்டுகிறவருக்கு வேகம் 30, 40தான். ஆனால் ஆட்டோ திரும்பும், கார்க்காரர் கதவைத் திறப்பார். இவருக்கு முட்டி மோதல்தான் பெரிய ஆபத்து. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் போகிறவருக்கு இருவழிச் சாலை, தக்காளி வேன்கள், டிராக்டர், குவாரி டிப்பரிலிருந்து சிந்திய ஜல்லியும் எம்-சாண்டும். வளைவில் அந்த மணல் ஒரு கைப்பிடி இருந்தால் போதும், முன் சக்கரம் வழுக்கிவிடும்.

டூர் போகிறவர்களுக்குச் சுற்றிலும் மலைதான். தர்மபுரியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் ஒகேனக்கல், பக்கத்திலேயே வத்தல்மலை, கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள், சேலம் தாண்டினால் ஏற்காடு, அதற்கு அப்பால் கொல்லிமலையின் 70 வளைவுகள். சேலம் போக தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். சரக்கு ஏற்றிய லாரிகளுக்கு பிரேக் சூடேறும் இறக்கம் அது, அங்கே லாரிக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எந்தப் பேண்ட்டையும்விட முக்கியம்.

பேண்ட் இரண்டு வேலை செய்ய வேண்டும்

கீழே விழுந்தால் உடம்புக்கு நடப்பது இரண்டு. ஒன்று மோதல்: முட்டி, இடுப்பெலும்பு தரையில் இடிப்பது. இன்னொன்று தேய்ப்பு: விழுந்த வேகத்தோடு தாரில் சறுக்கிக்கொண்டே போவது. மோதலுக்குப் பேட், தேய்ப்புக்குத் துணி. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

தேய்ப்பைப் பலரும் குறைத்தே எடைபோடுகிறோம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். அந்த வேகத்தில் விழுந்து உலர்ந்த தாரில் சறுக்கினால், நிற்பதற்கு ஏறக்குறைய 20 முதல் 25 மீட்டர் ஆகும், அதாவது இரண்டு, மூன்று நொடிகள். சாதாரண ஜீன்ஸ் துணி தாரில் ஒரு நொடி தாங்கினாலே அதிகம். மிச்ச நேரம் தேய்வது தோல்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி மாரண்டஅள்ளி பக்கம் வளைவில் கொட்டிக்கிடந்த ஜல்லியில் வழுக்கி விழுந்தான். மிதமான வேகம்தான். அவனுடைய பேண்ட்டைப் பிறகு கையில் வாங்கிப் பார்த்தேன். இடது முட்டியில் கறுப்புத் துணி வெள்ளையாக வெளிறி, நூல் நுனிகள் உருகிச் சின்னச் சின்ன மணிகளாக உறைந்திருந்தன. மேல் துணியில் ஒரு விரல் போகும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் பேட் தெரிந்தது, அதில் ஒரு கீறல் மட்டும். இடுப்புப் பக்கம் தையலுக்கு இரண்டு விரல் தள்ளித் தேய்ந்திருந்தது. தையல் மேலேயே தேய்த்திருந்தால் பிரிந்திருக்கும் என்று தோன்றியது. அன்றிலிருந்து எந்தப் பேண்ட்டைப் பார்த்தாலும் முதலில் தையல் எங்கே ஓடுகிறது என்றுதான் பார்க்கிறேன். இடுப்பின் பக்கவாட்டிலும் முட்டியின் வெளிப்பக்கத்திலும் இரட்டைத் தையல், முடிந்தால் மூன்று வரித் தையல் இருக்க வேண்டும். ஒற்றைத் தையல் மட்டும் என்றால் அந்தப் பேண்ட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் லேபிளைப் படியுங்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 'சி.ஈ. சான்று பெற்றது', அதாவது ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று பெரிதாகப் போட்டிருக்கும். எது பெற்றது என்று கேளுங்கள். பல பேண்ட்களில் உள்ளே வைத்திருக்கும் பேட்டுக்கு மட்டும்தான் சான்று இருக்கும், பேண்ட்டுக்கு இருக்காது. இரண்டும் தனித்தனி.

பேண்ட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 17092. இது 2020-இல் வந்தது. பேண்ட்டின் உட்புறம், இடுப்புப் பட்டி பக்கம் தைத்த துண்டில் ஒரு பைக் ஓட்டி படமும், பக்கத்தில் வகுப்பும் இருக்கும். வகுப்புகள் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று ஐந்து. மிக அதிகம் தாங்குவது ஏஏஏ. பெரும்பாலும் தோல் உடைகளும் மிகக் கனமான டூரிங் உடைகளும் அந்த வகுப்பில் வரும். ஏஏ நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஏற்றது. ஏ நகர ஓட்டத்துக்கும் வெயிலுக்கும். பி என்றால் துணி ஏ அளவுக்குத் தாங்கும், ஆனால் பேட் கிடையாது. சி என்பது பேட்டைப் பிடித்து வைக்கும் உள்ளாடை போன்றவை, அதைத் தனியாகப் போட்டால் சறுக்கலுக்கு உதவாது.

முட்டி, இடுப்பு போன்ற முக்கிய இடங்களின் துணியைச் சோதனைக்கூடத்தில் சுழலும் எந்திரத்தில் மாட்டி, கான்கிரீட் மேல் விட்டுத் தேய்க்கிறார்கள். அந்த வேகம் ஏ வகுப்புக்குச் சுமார் 45 கிலோமீட்டர், ஏஏ-க்கு 70, ஏஏஏ-க்கு 120. 70-இல் விழுந்தால் காயமே ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. துணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும் அளவு, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர் ஏஏ பார்க்கட்டும். வெயில் தாங்கவில்லை என்றால் ஏ. எந்த வகுப்பும் குறிப்பிடாத பேண்ட்டுக்குக் காசு கொடுக்கும்முன் நன்றாக யோசியுங்கள்.

அடுத்தது பேட். பாக்கெட்டிலிருந்து அதை வெளியே எடுத்துப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அதன் மேலேயே இ.என். 1621-1 என்று அச்சாகியிருக்கும். கே என்ற எழுத்து இருந்தால் முட்டிக்கானது, ஹெச் என்றால் இடுப்புக்கானது. கே-யோடு எல்-லும் சேர்ந்திருந்தால் முட்டியோடு முன்னங்காலையும் மூடும். பக்கத்தில் 1 அல்லது 2 என்று நிலை இருக்கும். ஒரே அடியைக் கொடுத்து அளந்தால், நிலை 1 பேட் அதிகபட்சம் சராசரியாக 35 கிலோநியூட்டன் விசையை மறுபக்கம் கடத்தலாம், நிலை 2 என்றால் 20 மட்டுமே. முட்டிக்கு நிலை 2 வாங்க முடிந்தால் வாங்குங்கள். கூடுதல் காசைப் போடத் தகுந்த இடம் இதுதான். பேட்டின் மேல் இருக்கும் ஏ, பி என்ற எழுத்து பேண்ட்டின் வகுப்பு கிடையாது, பேட்டின் வகையைக் குறிக்கிறது. ஏ வகை சிறிய பரப்பை மூடும், பி வகை பெரிய பரப்பை.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு குறி டி பிளஸ். மென்மையான பேட்கள் பலவும் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். பேட்டை 40 டிகிரி வெப்பத்தில் வைத்து மறுபடி சோதித்துத் தேறியிருந்தால்தான் இந்தக் குறி போடுவார்கள். மே மாதம் மத்தியானம் கறுப்புப் பேண்ட்டுக்குள், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டுக்கு இந்தச் சோதனை அவசியமானது.

இடுப்பு பேட் விஷயத்தில் ஒன்று. பல பேண்ட்களில் இடுப்புக்குப் பை மட்டும் தைத்திருப்பார்கள், பேட் இருக்காது, அல்லது உள்ளே ஒரு மெல்லிய பஞ்சுத் தகடு இருக்கும். தொட்டால் மெத்தென்று ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி, மேலே எந்த எண்ணும் அச்சாகாமல் இருந்தால் அது வெறும் நிரப்பு. விலையைக் கணக்கிடும்போது இடுப்பு பேட்டின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணியும் வெயிலும்

தர்மபுரியில் கோடையில் 38, 39 டிகிரி சாதாரணம். ஓசூர் மேட்டில் இருப்பதால் அங்கே கொஞ்சம் இதம். ஆகவே ஓசூர்க்காரர் சொல்லும் பரிந்துரை அரூர்க்காரருக்கு அப்படியே பொருந்தாது.

சல்லடை போல ஓட்டைகள் உள்ள மெஷ் பேண்ட்தான் வெயிலுக்கு நல்லது. காற்று உள்ளே போகும். ஆனால் முழுக்க மெஷ் என்றால் தேய்ப்பைத் தாங்காது. தொடையின் முன்பக்கமும் பின்பக்கமும் மெஷ்ஷாகவும், முட்டி, இடுப்புப் பக்கவாட்டு, உட்காரும் பின்புறம் ஆகிய இடங்களில் கனமான துணியாகவும் இருப்பதைத் தேடுங்கள். 600 டெனியர் என்று போட்டிருப்பார்கள். டெனியர் என்பது நூலின் பருமன், அதாவது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. 600 டெனியர் பாலியெஸ்டரும் 600 டெனியர் நைலானும் ஒன்றில்லை, தேய்ப்பில் நைலான்தான் கூடுதல் உறுதி. கார்டுரா என்று சொல்வது பெரும்பாலும் நல்ல நைலான்.

நைலானும் பாலியெஸ்டரும் உரசல் சூட்டில் உருகும். அதனால் தோலுக்கும் மேல் துணிக்கும் நடுவே ஒரு உள்துணி இருப்பது நல்லது. ரைடிங் ஜீன்ஸில் இந்த வேலையை அராமிட் என்ற இழை செய்கிறது, கெவ்லார் என்றால் பலருக்கும் தெரியும். அது உருகாது. ஆனால் ரைடிங் ஜீன்ஸ் எல்லாவற்றிலும் அராமிட் முழுக்க இருக்காது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முட்டியிலும் பின்புறத்திலும் மட்டும் மஞ்சள் துணி ஒட்டு இருக்கிறதா, இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழ்வரை இருக்கிறதா என்று தெரியும். ஒட்டு மட்டும் இருந்தால், தொடையின் வெளிப்பக்கம் வெறும் ஜீன்ஸ்தான். முழு அராமிட் ஜீன்ஸ் நம் வெயிலில் புழுங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸுக்குப் போய் மாற்ற வேண்டாம் என்பவர்களுக்கும், ஓசூர் குளிருக்கும் அது சரிப்படும்.

தோல் பேண்ட் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு. தினசரி ஓட்டத்துக்கு இங்கே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018 முதல் மோட்டோகேப் என்ற திட்டத்தை நடத்துகின்றன. கடைகளில் விற்கும் ரைடிங் உடைகளை வாங்கிச் சோதித்து, பாதுகாப்புக்கு ஒரு மதிப்பீடும், வெயிலில் உடல் சூடு வெளியேறுவதற்குத் தனியாக ஒரு மதிப்பீடும் கொடுக்கிறார்கள். முடிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் பிராண்டுகள் அதில் இல்லாவிட்டாலும், எந்த வகைத் துணி எந்த அளவுக்குத் தாங்குகிறது, எது புழுங்குகிறது என்று புரிந்துகொள்ள நல்ல இடம்.

முட்டிச் சோதனை

இதற்குத்தான் கடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நின்றபடி கண்ணாடியில் பார்த்து வாங்காதீர்கள். நிற்கும்போது அழகாக உட்காரும் பேண்ட், வண்டியில் ஏறியதும் மேலே இழுத்துக்கொள்ளும்.

பேண்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தினமும் என்ன போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு பாருங்கள். இடுப்பில் பெல்ட் இல்லாமலே நிற்க வேண்டும். பிறகு உங்கள் வண்டியிலேயே ஏறி உட்காருங்கள். கடை வாசலில் நிறுத்தியிருப்பீர்கள்தானே, கேட்டால் விடுவார்கள். வண்டி இல்லையென்றால் ஒரு ஸ்டூலை எடுத்து, காலை மடக்கி, புட்ரெஸ்ட்டில் பாதம் வைப்பதுபோல உட்காருங்கள்.

இப்போது முட்டியைத் தொட்டுப் பாருங்கள். பேட்டின் நடுப்பகுதி முட்டிச்சில்லின் மேல் இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பகுதி முன்னங்கால் எலும்பின் தொடக்கத்தையும் மூடியிருக்க வேண்டும். பேட் தொடைப்பக்கம் ஏறிப்போய், முட்டிச்சில்லின் கீழ்விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்தப் பேட் இருந்தும் பயனில்லை. நல்ல பேண்ட்களில் பேட் வைக்கும் பை நீளமாக இருக்கும், உள்ளே வெல்க்ரோ வைத்திருப்பார்கள். பேட்டை ஒன்றிரண்டு அங்குலம் மேலும் கீழும் நகர்த்தலாம். நம் ஊரில் உயரம் குறைவாக இருப்பவர்களுக்கு முட்டி பேட் கீழே இறங்கிவிடுவதுதான் பொதுவான தொல்லை, ஐரோப்பிய அளவுப் பேண்ட்களில் இன்னும் அதிகம். அவர்களுக்கு இந்த வெல்க்ரோ கண்டிப்பாக வேண்டும்.

அடுத்து, உள்ளங்கையால் பேட்டைப் பிடித்து இடது வலதாகத் திருப்புங்கள். கொஞ்சம் அசையலாம். முட்டியின் பக்கவாட்டுக்கே சுற்றிப்போனால் பேண்ட் தொளதொளப்பு. தாரில் முட்டி உரசும்போது முதல் வேலையாக நடப்பது இந்தத் திருகல்தான். அதனால்தான் ரைடிங் பேண்ட் தொடையிலும் முட்டியிலும் கொஞ்சம் பிடிப்பாக இருக்க வேண்டும் என்கிறோம். காற்று போக வேண்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால் பேட் அலையும், வேகத்தில் துணி படபடக்கும்.

பிறகு எழுந்து நின்று குத்துக்கால் வைத்து உட்காருங்கள். தொடை இடுக்கில் இழுக்கிறதா? முட்டிக்குப் பின்னால் வெட்டுகிறதா? முட்டிக்கு மேலும் முதுகுப்பக்க இடுப்பிலும் சுருங்கி விரியும் துணி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இருக்காது. உட்கார்ந்த நிலையில் பேண்ட்டின் கால் விளிம்பு கணுக்காலுக்குக் கீழே வர வேண்டும். ஆகவே நிற்கும்போது வழக்கமான பேண்ட்டைவிட இரண்டு அங்குலமாவது நீளம் கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு டெய்லரிடம் கொடுத்துக் குறைக்காதீர்கள். கால் ஜிப், உள்துணி, பிரதிபலிப்புப் பட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக, அப்படியே பத்து நிமிடம் வண்டியில் உட்கார்ந்திருங்கள். முட்டியில் பேட்டின் விளிம்பு அழுத்துகிறதா என்று அப்போதுதான் தெரியும். பத்து நிமிடத்தில் லேசாக உறுத்துவது, சேலம் போய்ச் சேர்வதற்குள் வலியாகிவிடும்.

கணுக்கால் மூடிய ஷூ இல்லாமல் இந்தப் பேண்ட் முழுமையாகாது. செருப்போடு போகாதீர்கள்.

டூட்டிக்குப் போகிறவர்கள்

கம்பெனியில் யூனிபார்ம் மாற்ற இடம் இருந்தால் கவலையே இல்லை. மெஷ் பேண்ட்டைப் போட்டுப்போய் லாக்கரில் மாட்டிவிடலாம். அரசு அலுவலகம், பள்ளி, கடை என்று போகிறவர்களுக்கு வேலைக்குப் போடும் பேண்ட் மேலேயே போட்டுக்கொள்ளும் ஓவர்பேண்ட் நல்லது. காலின் வெளிப்பக்கம் இடுப்புவரை முழு ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது ஷூவைக் கழற்றாமலே ஒரு நிமிடத்தில் மாட்டிக் கழற்றலாம். முட்டிவரை மட்டும் ஜிப் இருந்தால் தினமும் ஷூவைக் கழற்ற வேண்டும், இரண்டே வாரத்தில் அதைப் போடுவதை விட்டுவிடுவோம்.

சூளகிரி, ஓசூர், போச்சம்பள்ளி பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஸ்கூட்டரில் போகும் பெண்கள் இப்போது அதிகம். பெண்களுக்கான அளவில் வெட்டிய பேண்ட்டையே கேளுங்கள். ஆண்கள் பேண்ட்டில் இடுப்புக்குப் பொருந்தினால் தொடையில் பிடிக்கும், தொடைக்குப் பொருந்தினால் இடுப்பில் நழுவும், முட்டி பேட் எப்போதும் தப்பான இடத்தில் நிற்கும். சுடிதாரோடு போகிறவர்கள் பேண்ட் பகுதிக்கு மேல் முழு ஜிப் ஓவர்பேண்ட்டைப் போட்டு, டாப்பை உள்ளே செருகிக்கொள்ளலாம், துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஸ்கூட்டரில் கால்கள் முன்பலகையில் 90 டிகிரியில் இருக்கும். அதனால் முட்டிச் சோதனையை அந்த நிலையில் செய்ய வேண்டும்.

இப்போதைக்கு அவ்வளவு காசு இல்லை என்றால், ஜீன்ஸ் மேல் கட்டும் முட்டிக் கவசத்தை வாங்குங்கள். சுமார் 1,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும். முன்னங்காலையும் சேர்த்து மூடுவதாக, முட்டிக்கு மேலும் கீழும் பட்டி உள்ளதாக இருக்கட்டும். தேய்ப்புக்கும் இடுப்புக்கும் அது உதவாது. ஆனாலும் முட்டி உடைந்து மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் கிடப்பதைத் தவிர்க்க அது பெரிய உதவி.

மழை, பனி

உள்ளே கழற்றி மாட்டும் மழை லைனர் என்று ஒன்று பல பேண்ட்களோடு வரும். மழை வந்தால் ரோட்டோரம் பேண்ட்டைக் கழற்றி அதை மாட்ட வேண்டும். மாட்டினாலும் மேல் துணி நனைந்து கனத்துத் தொங்கும். இதற்குப் பதில் மேலே போடும் தனி மழைப் பேண்ட் ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். தொடை இடுக்கில் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும், தண்ணீர் முதலில் உள்ளே இறங்குவது அங்கேதான்.

இந்த மழைப் பேண்ட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. மார்கழியில் விடியற்காலை ஐந்து மணி ஷிப்டுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேட்டுக்கு ஏறுகிறவருக்கு மெஷ் பேண்ட்டில் முட்டி விறைத்துவிடும். மேலே மழைப் பேண்ட்டைப் போட்டால் காற்று நின்றுவிடும். திரும்பி வரும் மத்தியானத்தில் கழற்றி மடித்து வைத்துக்கொள்ளலாம்.

டூர் போகிறவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

ஜாக்கெட்டோடு பேண்ட்டை இணைக்கும் ஜிப் முக்கியம். சறுக்கும்போது ஜாக்கெட் மேலே சுருண்டு முதுகு வெளியே தெரிவதை அதுதான் தடுக்கும். வெவ்வேறு பிராண்டுகளின் ஜிப் ஒன்றோடொன்று சேராது, ஆகவே ஜாக்கெட்டையும் கூடவே எடுத்துப்போங்கள். உள்காலில், சைலன்சர் பக்கம் சூடு தாங்கும் ஒட்டு இருந்தால் நல்லது. தொடையில் காற்றுக்கு ஜிப் இருந்தால் அது எதிர்க்காற்றைப் பார்த்துத் திறக்க வேண்டும். உள்ளே பருத்தி ஜட்டியும் பருத்தி லெக்கிங்ஸும் வேண்டாம். வேர்வையைப் பிடித்து வைத்துத் தொடையை உரசிப் புண்ணாக்கும். வேர்வையை வெளியேற்றும் ஸ்போர்ட்ஸ் உள்ளாடை போடுங்கள்.

எங்கே, எவ்வளவு

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஹெல்மெட், கையுறை கிடைக்கும் அளவுக்கு ரைடிங் பேண்ட் அளவு வாரியாகக் கிடைப்பதில்லை. முதல் பேண்ட்டுக்கு ஒருநாள் பெங்களூருக்குப் போய் நாலைந்து பேண்ட்களைப் போட்டுப் பார்ப்பது வீண் செலவாகாது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். ரைனாக்ஸ், பெங்களூரைச் சேர்ந்த வியாடெரா, ராயல் என்ஃபீல்டு என்று இந்தியப் பிராண்டுகளே நமது உடல்வாகுக்கு ஏற்ற அளவுகளில் தைக்கின்றன. வெயிலுக்கான மெஷ் பேண்ட் சுமார் 5,000 முதல் 8,000 ரூபாய், டூரிங் பேண்ட் 9,000 முதல் 15,000, ரைடிங் ஜீன்ஸ் 6,000-இலிருந்து மேலே என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் வாங்கினால், உங்கள் ஜீன்ஸ் அளவை நம்பாதீர்கள். டேப்பை எடுத்து இடுப்பு, தொடையின் சுற்றளவு, உட்கார்ந்த நிலையில் இடுப்பெலும்பிலிருந்து முட்டிச்சில் வரை உள்ள நீளம் மூன்றையும் அளந்து பிராண்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டேக்கைக் கிழிக்காமல் வீட்டில் வண்டி மேல் உட்கார்ந்து முட்டிச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு

துவைக்கும் முன் பேட்களைக் கழற்றிவிடுங்கள். எது எந்தக் காலில், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தலைகீழாகாது. ஜிப்பையெல்லாம் மூடி, குளிர்ந்த தண்ணீரில் மிதமான சோப்புப்போட்டு அலசுங்கள். அடித்துத் துவைப்பதும் முறுக்கிப் பிழிவதும் வேண்டாம். கம்ஃபர்ட் மாதிரியான வாசனைத் திரவமும் வேண்டாம். நிழலில் காயப்போடுங்கள். அராமிட் இழை வெயில் பட்டால் வலு குறையும், மொட்டைமாடியில் உள்பக்கத்தை வெளியே திருப்பி மத்தியான வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

ஒருமுறை விழுந்து எழுந்த பேண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி மெலிந்து வெளிச்சம் தெரிந்தால், தையல் பிரிந்திருந்தால், அந்த இடம் இன்னொரு சறுக்கலைத் தாங்காது. பேட்டை மடக்கி விரித்துப் பாருங்கள். விரிசல், நிரந்தரப் பள்ளம், ஓரம் பொடியாக உதிர்வது தெரிந்தால் மாற்றிவிடுங்கள், முட்டி பேட் ஜோடியாகத் தனியாகவே கிடைக்கும். விழாமலே பேண்ட் நைந்துபோனால் பேட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அச்சிட்ட வகையும் அளவும் புதுப் பேண்ட்டின் பைக்குப் பொருந்தினால், அதில் மாட்டி இன்னொருமுறை முட்டிச் சோதனை செய்து பார்த்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.